தின்னாத விதை எங்கே? டோடோ மரத்தின் வழியே அறிவியல் முறை

தாம்பாலகோக் என்றொரு மரம் மொரிஷியஸ் தீவின் மேட்டு நிலக் காடுகளில் மட்டும் வளர்கிறது. அதன் பழத்தை டோடோப் பறவை விழுங்குமாம். விழுங்கிய கொட்டை பறவையின் வயிற்றில் அரைபட்டு, ஓடு மெலிந்து, எச்சத்தோடு வெளியே வந்து முளைக்குமாம். டோடோ அழிந்தபின் விழுங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால், அந்த மரத்தின் விதையும் முந்நூறு ஆண்டுகளாக முளைக்கவில்லையாம். இந்தத் தீவில் இக்கதையைக் கேட்காதவர்கள் குறைவு. ஒருமுறை கேட்டால் மறக்காது, ஏனென்றால் ஒரு பறவையோடு ஒரு மரமும் சேர்ந்து சாகிறது என்ற துயரம் மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரோஸ்ஹில்லில் என் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் நான், அறிவியல் முறை என்னும் முதல் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குகிறேன். கவனிப்பு, கேள்வி, கருதுகோள், சோதனை, முடிவு ஆகிய எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனாலும் முடிவு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று கேட்கத் தொடங்கும் மாணவருக்குப் பாடத்தின் பெரும்பகுதி அப்போதே விளங்கிவிடுகிறது.

பாடநூல்கள் அறிவியல் முறையை ஏணிப்படிகளைப் போல வரைந்து காட்டுகின்றன. வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, தேர்வில் ஆங்கிலம், கோயிலிலும் தமிழ் வகுப்பிலும் தமிழ் என்று வளரும் நம் பிள்ளைகள் அந்தப் படிகளின் பெயர்களை ஆங்கிலத்தில் வரிசை தவறாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு புதிய செய்தியைக் கையில் கொடுத்து, இதில் எது கவனிப்பு, எது அனுமானம் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் தயங்குகிறார்கள். எனவே அந்தப் பிரிப்பிலிருந்தே தொடங்குவோம்.

கவனிப்பு என்பது கண், காது, கை, கருவி ஆகியவற்றால் நேரடியாக அறிந்து பதிவுசெய்வது. அந்த இடத்தில் நின்று பார்க்கும் வேறொருவருக்கும் அதுவே தெரிய வேண்டும். தாம்பாலகோக்கின் கொட்டையைக் கையில் எடுத்தால் அது மரக்கட்டையைப் போல் கெட்டியாக இருக்கிறது என்பது கவனிப்பு. ஓட்டின் தடிமன் 15 மில்லிமீட்டர் வரை இருக்கிறது என்பதும் கவனிப்பு. அது அளவிடப்பட்டிருப்பதால் முந்தையதைவிடப் பயனுள்ளதும்கூட. "இவ்வளவு தடித்த ஓட்டை உடைத்துக்கொண்டு முளை தானாக வெளியே வர முடியாது" என்பதோ கவனிப்பு ஆகாது. அது கவனித்ததிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட அனுமானம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் அனுமானங்களே நம்மை அதிகம் ஏமாற்றுகின்றன, ஏனெனில் அவற்றைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. இந்த அனுமானத்தை மனத்தில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

1970களில் மொரிஷியஸின் அரிய பறவைகளைப் பற்றி ஆய்வு செய்த அமெரிக்கரான ஸ்டான்லி டெம்பிள், இந்த மரத்தையும் கவனித்தார். தீவில் பதின்மூன்று மரங்களே எஞ்சியிருந்தன என்றும், அவை எல்லாமே முந்நூறு வயதைக் கடந்தவை என மதிப்பிடப்பட்டவை என்றும் அவர் எழுதினார். பழங்கள் காய்த்தன, கொட்டைகள் விழுந்தன, கன்றுகளைக் காணவில்லை. டச்சுக்காரர்கள் இத்தீவுக்கு வந்தது 1598இல். டோடோவைப் பார்த்ததாகப் பலரும் ஏற்கும் கடைசிப் பதிவு 1662ஆம் ஆண்டினது. மரங்களின் மதிப்பிடப்பட்ட வயதும் பறவை அழிந்த காலமும் ஏறத்தாழ ஒத்துப்போயின. அந்த ஒற்றுமையிலிருந்து அவருக்குக் கேள்வி பிறந்தது: இந்த மரம் முளைப்பதற்கு அந்தப் பறவை தேவைப்பட்டதா?

இங்கே கருதுகோள் என்ற சொல்லுக்கு வருகிறோம். ஆங்கிலச் சொல்லை மட்டும் அறிந்த மாணவர்கள் அதை ஏதோ பெரிய உண்மை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ்ச் சொல்லோ தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது: கருதிக்கொள்வது கருதுகோள். இப்படி இருக்கலாம் என்று இப்போதைக்குக் கருதிக்கொண்டு, அது சரியானால் உலகில் வேறு எவையெல்லாம் நிகழ வேண்டும், எவை நிகழக் கூடாது என்று கணித்து, போய்ப் பார்ப்பதற்காக வைத்துக்கொள்ளும் விடை அது. வெறும் ஊகத்துக்கும் கருதுகோளுக்கும் உள்ள வேறுபாடு, தவறாகிப்போகும் வழி அதற்கு இருக்கிறதா என்பதே. "காட்டின் ஆவி கோபித்துக்கொண்டதால் மரம் முளைக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் அவர் கூற்றை அசைக்க முடியாது. நாளை ஒரு கன்று கண்ணில் பட்டால், ஆவியின் கோபம் தணிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். எது நடந்தாலும் பொய்க்காத கூற்றைச் சோதிக்க வழியில்லை என்பதால் அறிவியல் அதை எடுத்துக்கொள்வதில்லை.

டெம்பிளின் கருதுகோள் அப்படிப்பட்டதன்று. அதைச் சோதிக்க முடியும், அதுவே அதன் சிறப்பு. டோடோவின் வயிற்றைக் கடந்தால்தான் விதை முளைக்கும் என்றால் இரண்டு கணிப்புகள் கிடைக்கின்றன. ஒன்று, எந்தப் பறவையும் விழுங்காத விதை முளைக்கக் கூடாது. மற்றொன்று, டோடோ அழிந்தபின் முளைத்த இளைய மரம் ஒன்றுகூடத் தீவில் இருக்கக் கூடாது. இரண்டில் எது பொய்த்தாலும் அந்தக் கருதுகோள் அந்த வடிவத்தில் நிற்காது.

டோடோ இல்லாத நிலையில் அவர் வான்கோழிகளைப் பயன்படுத்தினார். பறவைகளுக்குப் பல் இல்லை. கோழியைச் சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும், அதன் உள்ளே கெட்டியான ஒரு தசைப்பை இருக்கும், அறுத்தால் மணலும் சிறு கற்களும் கொட்டும். தானியத்தை அரைப்பது அந்தப் பைதான். டோடோவின் வயிற்றிலும் கற்கள் இருந்ததை அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். டெம்பிள் பதினேழு கொட்டைகளை வான்கோழிகளுக்கு வலுக்கட்டாயமாக ஊட்டினார். ஏழு கொட்டைகள் வயிற்றிலேயே நொறுங்கிப்போயின. எஞ்சிய பத்தும் எச்சத்தோடு வந்தன அல்லது கக்கப்பட்டன. அந்தப் பத்தையும் நட்டதில் மூன்று முளைத்தன. முந்நூறு ஆண்டுகளில் முளைத்த முதல் தாம்பாலகோக் விதைகளாக இவை இருக்கலாம் என்று அவர் கருதினார். 1977இல் சயன்ஸ் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க அறிவியல் இதழில் கட்டுரை வெளிவந்தது. கதை உலகெங்கும் பரவியது, பாடநூல்களிலும் ஏறியது.

இந்த இடத்தில் நான் பாடத்தை நிறுத்திவிட்டு, ஏதாவது குறை தெரிகிறதா என்று மாணவர்களிடம் கேட்பேன். பெரும்பாலும் பதினேழு என்ற எண்ணிக்கை போதாது என்பார்கள், அதுவும் சரியே. வான்கோழி டோடோ ஆகுமா என்று கேட்பவர்களும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு மாணவி வேறொன்று கேட்டாள்: "மிஸ், வான்கோழி தின்னாத விதையையும் நட்டுப் பார்த்தார்களா?"

நட்டுப் பார்க்கவில்லை. பத்து விதையில் மூன்று முளைத்தன என்பது உண்மை. ஆனால் வான்கோழியின் வயிற்றுக்குப் போகாத பத்து விதைகளை அதே மண்ணில், அதே வேளையில் நட்டிருந்தால் எத்தனை முளைத்திருக்கும்? ஒன்றும் முளைக்காமல் இருந்திருந்தால் அந்த மூன்றுக்குப் பெரிய பொருள் உண்டு. அவற்றிலும் மூன்று முளைத்திருந்தால் வான்கோழியால் எந்த மாற்றமும் இல்லை. நான்கோ ஐந்தோ முளைத்திருந்தால் வான்கோழி கெடுத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டியிருக்கும், நொறுங்கிய ஏழையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் உறுதியாக. மூன்று என்ற எண் தனியாக நிற்கும்போது எதையும் சொல்வதில்லை. எதோடு ஒப்பிட்டு மூன்று என்பது தெரிந்தால்தான் அது பேசும். ஆராயப்படும் ஒரே ஒரு காரணியைத் தவிர மற்ற அனைத்திலும் ஒத்திருக்கும்படி பக்கத்தில் வைக்கப்படும் அந்தத் தொகுதிக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். பெயரைக் கேட்டால் யாரையோ அடக்கி வைப்பதுபோல் இருப்பதால், என் வகுப்பில் ஒப்புக் குழு என்றும் சொல்வதுண்டு.

இது புதிய கருத்தும் இல்லை. அழுகும் இறைச்சியிலிருந்து புழு தானாகவே பிறக்கிறது என்று ஐரோப்பாவில் நம்பப்பட்ட காலத்தில், 1668இல், இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி சில பாத்திரங்களில் இறைச்சியை வைத்து, சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்தார். திறந்தவற்றில் ஈக்கள் வந்து அமர்ந்தன, புழுக்கள் தோன்றின. மூடியவற்றில் புழு இல்லை. காற்றே உள்ளே போகாததால்தான் புழு பிறக்கவில்லை என்று எதிர்ப்பாளர்கள் சொல்லக்கூடும் அல்லவா? அதற்காகவே அவர் மூன்றாவதாகச் சில பாத்திரங்களை மெல்லிய துணியால் மூடிவைத்தார். காற்று போயிற்று, ஈ போகவில்லை, இறைச்சியில் புழுவும் இல்லை. தன் முடிவை எவரெவர் எப்படி மறுப்பார்கள் என்று முன்கூட்டியே எண்ணி, அந்த மறுப்புக்கு ஒரு பாத்திரத்தை ஒதுக்கிவைத்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒப்புக் குழுவைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது என்பதால், எங்கள் வகுப்பில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மேலே சொன்ன மாணவியின் பாட்டி, அரிசி களைந்த நீரை வீணாக்காமல் கறிவேப்பிலைச் செடிக்கும் முருங்கைக்கும் ஊற்றுபவர். அந்த நீர் செடிக்கு நல்லது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. இதையே சோதிப்போம் என்று முடிவு செய்தோம்.

முதலில் கேள்வியைக் குறுக்க வேண்டியிருந்தது. செடிக்கு "நல்லது" என்றால் என்ன? உயரமா, இலை எண்ணிக்கையா, காய்ப்பா? அளக்க முடியாத சொல்லை அளக்கக்கூடியதாக மாற்றிக்கொள்ளாமல் சோதனை தொடங்க முடியாது. விரைவில் முளைப்பது என்பதால் பச்சைப்பயற்றை எடுத்துக்கொண்டு, பதினான்கு நாளில் செடியின் உயரம் என்று வரையறுத்தோம். இருபது தயிர்க் கிண்ணங்களின் அடியில் துளையிட்டு, ஒரே மூட்டையிலிருந்து மண்ணை நிரப்பி, கிண்ணத்துக்கு மூன்று பயறு வீதம் ஒரே ஆழத்தில் ஊன்றினோம். பத்துக் கிண்ணங்களுக்கு அரிசி களைந்த நீர், பத்துக்கு வெறும் குழாய் நீர். நாளும் ஒரே அளவு, ஒரே நேரம். இதில் நாம் வேண்டுமென்றே மாற்றுவது நீரின் வகை. அதைச் சாரா மாறி என்பர். அதன் விளைவாக மாறுகிறதா என்று நாம் அளப்பது உயரம். அது சார்ந்த மாறி. மண், கிண்ணம், ஆழம், நீரின் அளவு, வெளிச்சம் ஆகியவை மாறாமல் காக்கப்பட வேண்டியவை.

வெளிச்சத்தில்தான் தவறினோம். தவறு என்னுடையது. அரிசி களைந்த நீர் சமையலறையில் கிடைப்பதால் அந்தப் பத்துக் கிண்ணங்களைச் சமையலறைக் கதவோரம் வெயில் படும் திண்ணையில் வைத்தோம். மற்ற பத்தும் முன்னறையின் நிழலில் இருந்தன. இரண்டாம் வாரத்தில் நிழலில் இருந்த பயறுகள் நெடுநெடுவென்று வளர்ந்து நின்றன. வெயிலில் இருந்தவை குட்டையாக இருந்தன. அளவுகோலை மட்டும் நம்பியிருந்தால், அரிசி களைந்த நீர் செடியின் வளர்ச்சியைக் குறைக்கிறது என்று எழுதியிருப்போம். ஆனால் அருகில் உட்கார்ந்து பார்த்தபோது நெட்டையான செடிகளின் தண்டு நூல்போல் மெலிந்து, வெளிறி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குட்டையானவற்றின் தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக விரிந்திருந்தது. வெளிச்சம் குறைந்த இடத்தில் முளைக்கும் நாற்று, தன்னிடம் இருக்கும் சத்தையெல்லாம் செலவிட்டு ஒளியைத் தேடி நீள்கிறது. ஆகவே இரண்டு பிழைகள் ஒரே நேரத்தில் வெளிப்பட்டன. நீரோடு வெளிச்சமும் சேர்ந்து மாறியதால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. உயரம் என்ற அளவும் செடியின் நலத்தைக் காட்டும் அளவாக இல்லை. இப்படி நாம் ஆராயும் காரணியோடு ஒட்டிக்கொண்டு கூடவே மாறும் மற்றொரு காரணியைக் குழப்பும் மாறி என்பார்கள். உயிரியலில் இதைப்போலத் தொல்லை தருவது வேறில்லை.

மறுமுறை செய்தபோது எல்லாக் கிண்ணங்களையும் ஒரே திண்ணையில் வைத்தோம். எந்தக் கிண்ணம் எந்த இடத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப்போட்டு முடிவு செய்தோம். நாமே அடுக்கினால், வலுவான கிண்ணங்களை நம்மை அறியாமலேயே நல்ல இடத்தில் வைத்துவிடுவோம். எந்த நீர் என்ற குறிப்பைக் கிண்ணத்தின் அடியில் ஒட்டினோம், அளப்பவருக்கு அது தெரியக் கூடாது என்பதற்காக. மாணவர்கள் பொய் சொல்வார்கள் என்று அஞ்சி இதைச் செய்யவில்லை. அளவுகோலில் இரு கோடுகளுக்கு நடுவே தண்டு நிற்கும்போது, விரும்பும் பக்கத்துக்குக் கண் தானாகவே சாய்கிறது. மருந்துகளைச் சோதிக்கும் பெரிய ஆய்வுகளிலும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது உண்மை மருந்து என்று தெரியாமல் வைப்பது இதே காரணத்தால்தான். உயரத்தோடு இலைகளையும் எண்ணினோம், தண்டின் நிறத்தையும் குறித்தோம்.

முடிவைப் பார்த்தபோது மாணவர்களுக்கு ஏமாற்றம். ஒரே நீர் ஊற்றிய கிண்ணங்களுக்குள்ளேயே ஒரு செடி விரல் நீளம், ஒரு செடி சாண் நீளம். அந்த உள்வேறுபாட்டோடு ஒப்பிட்டால் இரண்டு நீருக்கும் இடையே இருந்த சராசரி வேறுபாடு மிகச் சிறியது. உயிர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. அதனால்தான் உயிரியலில் ஒரு செடியை வைத்தோ ஒரு நோயாளியை வைத்தோ முடிவுக்கு வருவதில்லை. மாதிரியின் எண்ணிக்கை கூடக்கூட, தற்செயலாக வந்த வேறுபாட்டையும் காரணத்தால் வந்த வேறுபாட்டையும் பிரித்தறிவது எளிதாகிறது. அப்படிப் பிரிப்பதற்கான கணக்கே புள்ளியியல். கிண்ணத்துக்குக் கிண்ணம் இருந்த இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தபின், பத்து விதையில் மூன்று முளைத்ததை வைத்து ஒரு மரத்தின் முந்நூறு ஆண்டு வரலாற்றைச் சொல்வது எவ்வளவு துணிச்சல் என்பது மாணவர்களுக்குத் தானாகவே புரிந்தது.

எங்கள் குறிப்பேட்டில் எழுதிய முடிவு இது: "இந்த மண்ணில், இந்த வெளிச்சத்தில், பதினான்கு நாளில், பச்சைப்பயற்றின் வளர்ச்சியில் அரிசி களைந்த நீரால் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை." அரிசி களைந்த நீரால் பயனில்லை என்று நிரூபித்துவிட்டோம் என ஒரு மாணவன் எழுதியிருந்தான், அதை அடித்துவிட்டுத் திருத்தச் சொன்னேன். காணப்படவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. அறிவியல் கட்டுரைகளில் நிரூபித்தது என்ற சொல் அரிதாகவே வரும். தரவு கருதுகோளை ஆதரிக்கிறது அல்லது ஆதரிக்கவில்லை என்பதே வழக்கம்.

இப்போது தாம்பாலகோக்குக்குத் திரும்புவோம். டெம்பிளின் கட்டுரைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், மொரிஷியஸ் வனத்துறையைச் சேர்ந்த ஓவதல்லி அதே இதழில் மறுப்பு எழுதினார். எந்தப் பறவையும் விழுங்காத விதைகள் வனத்துறையின் நாற்றங்காலில் முளைத்திருக்கின்றன என்றும், முந்நூறு வயதுக்கு மிகவும் குறைந்த மரங்கள் காட்டில் பதிவாகியிருக்கின்றன என்றும் அவர் சுட்டிக்காட்டினார். கருதுகோள் தந்த இரண்டு கணிப்புகளும் பொய்த்தன. அதற்கும் முன்னரே, 1941இல், லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராயிருந்த ஹில் இந்த வகைக் கொட்டைகளின் முளைப்பை விவரித்திருந்தார். ஓட்டில் இயல்பாகவே ஒரு பிளவுக் கோடு இருக்கிறது. உள்ளே கரு நீரை உறிஞ்சி உப்பும்போது, அந்தக் கோட்டின் வழியே ஓட்டின் ஒரு பகுதி மூடிபோலக் கழன்றுகொள்கிறது. 15 மில்லிமீட்டர் ஓட்டை முளை உடைக்கவே முடியாது என்ற அந்த அனுமானம் நினைவிருக்கிறதா? முளை ஓட்டை உடைக்கத் தேவையே இருக்கவில்லை.

மரங்களின் வயதும் உறுதியான கவனிப்பு ஆகவில்லை. குளிர்நாட்டு மரங்களில் இருப்பதுபோல் ஆண்டு வளையங்கள் இந்த மரத்தில் இல்லாததால் வளையத்தை எண்ணி வயதைச் சொல்ல வழியில்லை. முந்நூறு என்பது ஒரு மதிப்பீடு. கதை எவ்வளவு அழகாக இருந்ததோ அவ்வளவு எளிதாக அந்த மதிப்பீடு அளவீட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

டெம்பிள் இம்மறுப்புக்கு மறுமொழி எழுதினார், விவாதம் தொடர்ந்தது, 1991இல் விட்மர், சீக் என்ற இரு ஆய்வாளர்கள் எல்லாச் சான்றுகளையும் மீண்டும் அலசி, அந்த மரம் டோடோவை மட்டுமே நம்பி வாழ்ந்தது என்று சொல்வதற்கு இடமில்லை என்று எழுதினர். டோடோ அந்தப் பழத்தைத் தின்றிருக்கலாம், பழச்சதையை நீக்கியோ கொட்டையைத் தூரத்துக்குக் கொண்டுபோயோ உதவியிருக்கலாம்; ஆனால் அது இன்றி முளைக்காது என்பது வேறு கூற்று. மரம் அரிதானதற்கு வேறு காரணங்கள் தெரிகின்றன: காடு வெட்டப்பட்டது, மனிதரோடு வந்த குரங்குகள் காயாக இருக்கும்போதே பறித்துவிடுகின்றன, ஜாவாவிலிருந்து 1639இல் கொண்டுவரப்பட்ட மானின் வழித்தோன்றல்களும் காட்டுப்பன்றிகளும் கன்றை விடுவதில்லை. டோடோ மறைந்த அதே நூற்றாண்டில்தான் இவையும் நுழைந்தன என்பதைக் கவனியுங்கள். எங்கள் திண்ணையில் நீரோடு வெளிச்சம் மாறியதுபோல, இத்தீவில் டோடோவின் மறைவோடு குரங்கும் மானும் பன்றியும் சேர்ந்தே மாறின.

டெம்பிளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தன் விதைக் கணக்கை, நொறுங்கிய ஏழையும் மறைக்காமல், அவர் வெளியிட்டதால்தான் மற்றவர்கள் அதை எடுத்துச் சோதிக்க முடிந்தது. வெளியிடுவதற்கு முன் அதே துறையைச் சேர்ந்தவர்கள் படித்துக் குறை காண்பதும், வெளிவந்தபின் எவரும் மறுத்து எழுதலாம் என்பதும் அறிவியல் முறையின் பகுதிகளே. பாடநூல் ஏணியில் இவற்றுக்குப் படி வரையப்படாதது பெருங்குறை என்பது என் கருத்து.

எல்லாவற்றையும் கிண்ணத்தில் வைத்துச் சோதிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் முன்னோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்துகொண்டிருந்த காலத்தில், 1867இல், இத்தீவில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவிப் பல்லாயிரம் பேரைக் கொன்றது. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் நோய் வருகிறது என்பது அன்றைய நம்பிக்கை. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லின் பொருளே கெட்ட காற்று. போர்ட் லூயியிலிருந்து வசதியுள்ளோர் கியூர்பிப் மேட்டுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே நோய் குறைவாக இருந்தது. காற்று நல்லதாக இருப்பதால் நோய் இல்லை என்ற நம்பிக்கை இதனால் இன்னும் உறுதிப்பட்டிருக்கும். கவனிப்பு சரி, காரணம் தவறு. மேட்டு நிலத்தின் குளிரில் நோயைச் சுமக்கும் கொசு பெருகுவதும், அதன் உடலுக்குள் கிருமி வளர்வதும் கடினம்; சதுப்பில் கொசு முட்டையிடுகிறது. சதுப்பும் நோயும் சேர்ந்து காணப்பட்டதற்கு இரண்டையும் இணைத்த கொசுவே காரணம். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்தே வருவதைத் தொடர்பு என்கிறோம். ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது வேறு, அதற்குத் தனிச் சான்று வேண்டும். அந்தச் சான்றை, இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ் தேடினார்: 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார், மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து, கொசுக்கடியால் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதைக் காட்டினார். அவரே பின்னர், 1907ஆம் ஆண்டின் இறுதியில், மலேரியாத் தடுப்புக்கு வழி சொல்ல மொரிஷியஸுக்கு வந்தார். மனிதரை வேண்டுமென்றே நோய்க்கு உட்படுத்தக் கூடாது என்பதால், மருத்துவ உயிரியலில் இப்படிப் பல திசைகளிலிருந்து சான்றுகளைச் சேர்த்தே காரணத்தை அணுக வேண்டியிருக்கிறது.

கோட்பாடு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றாடப் பேச்சில் "அது வெறும் தியரி" என்றால் உறுதியில்லாதது என்று பொருள். அறிவியலில் அப்படி இல்லை. செல் கோட்பாடு, நோய்க்கிருமிக் கோட்பாடு, பரிணாமக் கோட்பாடு ஆகியவை எண்ணற்ற சோதனைகளைத் தாங்கி நின்று, சிதறிக்கிடக்கும் கவனிப்புகளை ஒன்றாக விளக்குபவை. கருதுகோள் வளர்ந்து கோட்பாடாகி, கோட்பாடு வளர்ந்து விதியாகும் என்று சில குறிப்பேடுகளில் இருப்பதும் பிழை. விதி எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறது, கோட்பாடு ஏன் என்பதை விளக்குகிறது.

பச்சைப்பயற்றின் முடிவை மாணவி தன் பாட்டியிடம் போய்ச் சொன்னாள். அவர் வருத்தப்படுவார் என்று நினைத்திருந்தோம். மறுநாள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரே என் வீட்டுக்கு வந்து, திண்ணையில் அமர்ந்து, ஒரு கிண்ணத்தைத் தூக்கி நாற்றைப் பார்த்தார். தண்டின் அடியில் சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பருப்புகளை விரலால் காட்டினார்.

"இதோ பாரம்மா, பயறு தன் சோற்றைத் தானே கட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சோறு தீருகிற வரைக்கும் என் தண்ணீர் அதற்கு எதற்கு? சின்ன விதையாகப் பார்த்துப் போட்டிருக்க வேண்டாமா?"

"எந்த விதை போடலாம் பாட்டி?"

"மிளகாய் போடுங்கள். ஒரு மாதமாவது விட்டுப் பாருங்கள்."

எங்கள் சோதனையின் பெருங்குறையை அவர் சொல்லிவிட்டார். விதையிலைகளில் சேமிப்பு இருக்கும் வரை வெளியிலிருந்து வரும் சத்தின் பயன் தெரியாது என்பது நான் சிந்தித்திருக்க வேண்டியது. இப்போது நாற்பது கிண்ணங்களில் மிளகாய் விதை ஊன்றியிருக்கிறோம், எல்லாம் ஒரே திண்ணையில். எந்தக் கிண்ணத்துக்கு எந்த நீர் என்ற பட்டியல் பாட்டியிடம் இருக்கிறது; நாளும் காலையில் வந்து அவரே ஊற்றுகிறார். அளக்கப்போகும் எங்களுக்கு அது தெரியாது.